துகளின் உள்ளே

பொடி என்பது நமக்கு மிகவும் பழகிய பொருள். அரிசி மாவு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், பால்மாவு ஆகியவற்றை நாள்தோறும் கையாளுகின்றோம். விரலிடைத் தேய்த்து நயமா, கரடா என்று அறிகின்றோம், சல்லடையிலிட்டுச் சலிக்கின்றோம். ஒரு துகளின் உள்ளே என்ன இருக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வெண்ணம் ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரியதன்று, பேராவூரணித் தென்னந்தோப்பு உழவர்க்கும் உரியது என்பது என் கருத்து.

பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் உள்ள ஊர். நெல்லோடு தென்னையும் அங்குள்ளோரை வாழ்விக்கின்றது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயல் அவ்வட்டாரத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. புதிதாக நட்ட கன்று பயன் தரப் பல ஆண்டுகள் ஆகும். தேங்காயையும் கொப்பரையையும் மட்டுமே விற்போர் சந்தை விலையின் ஏற்ற இறக்கத்திற்கு ஆட்பட்டே வாழ வேண்டும். தேங்காய்ப்பாலைப் பொடியாக்கி விற்றால் ஊதியம் மிகும் என்பர். சொல்வது எளிது, அப்பொடி கெடாமல் நிற்க வேண்டுமே!

தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிகுதி. எனவே அதனுடன் பால் புரதத்தையும் மாவுப் பொருளினின்று பெறும் ஒருவகைச் சேர்மத்தையும் கலந்து, நுண்துளிகளாக வெப்பக் காற்றில் தெளிப்பர். நொடிப்பொழுதில் நீர் அகலும். ஒவ்வொரு துளியும் ஒரு சிறு உருண்டையாக உலரும். பல உருண்டைகளின் நடுவே வெற்றிடம் இருக்கும். கொழுப்பு அதன் சுவரினுள் அடைபட்டிருக்கும். சுவர் வெடித்திருப்பின் கொழுப்புக் காற்றோடு கலந்து காறும். ஈரத்தை உறிஞ்சினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். ஒரே நிறமும் ஒரே எடையும் உடைய இரு பொட்டலங்களுள் ஒன்று நிலைத்திருக்க, மற்றொன்று கெடுவதற்குக் காரணம் இதுவாக இருத்தல் கூடும். வெளித்தோற்றம் அதனைக் காட்டாது.

இங்கேதான் எக்ஸ் கதிர் துணைக்கு வருகின்றது. 1895-இல் இராண்ட்ஜன் கண்ட அக்கதிர் எலும்பின் நிழலைக் காட்டுவதை நாம் அறிவோம். ஆயினும் ஒற்றை நிழலில் முன்னிருப்பது எது, பின்னிருப்பது எது என்று தெரியாது. ஆகவே ஒரு சிட்டிகைப் பொடியை மெல்லிய குழாயிலிட்டுச் சிறிது சிறிதாகத் திருப்பி, நூற்றுக்கணக்கான நிழற்படங்களை எடுக்கின்றனர். மருத்துவமனையில் கதிர்க்கருவி நோயாளியைச் சுற்றும். இங்கோ பொருளே சுழலும். அந்நிழல்களைக் கணினி ஒன்றுசேர்த்து முப்பரிமாண உருவாக்கித் தருகின்றது. காற்று கருமையாகவும் திண்பொருள் வெண்மையாகவும் தோன்றும். தலைமயிரின் பருமனைக் காட்டிலும் பன்மடங்கு சிறிய இடைவெளியையும், சுவரின் கனத்தையும் அளந்து கூறலாம். துகளை அறுக்க வேண்டுவதில்லை. அறுத்துப் பார்ப்பின், கண்ட வெடிப்பு முன்னரே இருந்ததா, நம் கத்தியால் வந்ததா என்ற ஐயம் எழுமன்றோ?

நிழல்களினின்று உருவை மீட்கும் கணிதத்தில் நம் நாட்டார்க்கும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும், ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971-இல் அதற்கு எளிய, விரைந்த முறை ஒன்றை வெளியிட்டனர். அவ்விருவர் பெயர்களையும் சுருக்கி, அதனை 'ராம்–லாக்' வடிப்பி என்று உலகத்தார் இன்றும் வழங்குகின்றனர். இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியைப் படம் பிடித்ததும் அதே ஆண்டுதான்.

இக்கருவி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று மயங்குதலும் தவறு. கொழுப்பும் புரதமும் ஏறத்தாழ ஒரே வகை நிழலைத் தருவன. எது எங்குள்ளது என்றறிய வேறு சோதனைகள் வேண்டும்.

"நம் பாட்டிமார் எந்தக் கருவி கொண்டு மாவு இடித்தனர்?" என்று வினவுவோர் உளர். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்து, பதமாக வறுக்க அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவு பல தலைமுறைகள் கெடுத்தும் திருத்தியும் பெற்றது. தேங்காய்ப்பால் பொடிக்கு அத்தகைய பாட்டி எவரும் இலர். ஒரு பருவச் சரக்குக் கட்டியாகிப் போனால் முதல் போட்ட சிறு வணிகர் மறுமுறை எழ இயலாது. தலைமுறைகள் காத்திருக்க அவர்க்கு நேரமில்லை.

கருவியின் விலை தனி ஒருவரால் தாங்கக் கூடியதன்று என்பது உண்மை. ஆதலின் அது பொதுவில் இருத்தல் வேண்டும். காவிரிப் படுகையின் ஈரநெல்லைக் காக்கும் வழி காண 1967-இல் திருவாரூரில் தோன்றிய ஆராய்ச்சி நிலையம், பின்னர்த் தஞ்சைக்கு மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்துள்ளது. உழவர் குறை தீர்க்கப் பிறந்த அத்தகைய நிலையங்களில், ஆய்வுக் கட்டுரைக்காக எடுக்கும் படங்களோடு உழவர் கொண்டுவரும் பொடிக்கும் இடம் வேண்டும். கட்டணம் குறைவாகவும் விடை தமிழிலும் இருத்தல் வேண்டும். பேராவூரணி உற்பத்தியாளர் கெட்ட பொட்டலத்தை மட்டும் கொண்டு சென்றால் போதாது. அதே நாளில் உலர்த்திய, கெடாத பொட்டலத்தையும் உடன் கொண்டு செல்க. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சுவர் எங்கே மெலிந்தது என்று சொல்ல முடியும்.