என்ன படம் புள்ள இது?

மூதூரில் என் கூட்டாளி ஒருத்தி படம் கீறுகிறாள். கன்வஸ் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் ஹாட்போட் துண்டுகள், ஹாட்வெயார் கடையில் வாங்கின எமல்ஷன், மிச்சத்துக்கு அக்ரிலிக் டியூப் நாலைந்து. அவள் படத்தில் ஆளும் இல்லை, மரமும் இல்லை, தோணியும் இல்லை. வந்து பார்க்கிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "என்ன படம் புள்ள இது?"

அவளும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள். "தெரியா. கையில வந்தது, வச்சன்."

எனக்கு இந்தக் கேள்வியோடும் சண்டை, இந்தப் பதிலோடும் சண்டை.

கேள்வி கேட்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்தில் நமக்குத் தலைப்புத் தந்துதான் கீறச் சொன்னார்கள். சந்தை, பொங்கல், பெருநாள், அறுவடை. தலைப்பு இருந்தால்தான் படம் என்று பத்து வயதிலேயே மண்டையில் ஏறிவிட்டது. ஆனால் அதே ஆட்கள் பன்பாயைப் பார்த்து அப்படிக் கேட்கிறதில்லையே! அவளுடைய உம்மா பாய் இழைக்கிறவர். சாயம் போட்ட பன்னையும் போடாத பன்னையும் மாற்றி மாற்றிக் கோர்த்து, எந்த இடத்தில் சிவப்பை நிறுத்தி ஊதாவைத் தொடங்குவது என்று அவர்தான் முடிவெடுக்கிறார். அளவுகோலும் இல்லை, கீறி வைத்த மாதிரியும் இல்லை. "இது என்ன படம்?" என்று யாரும் கேட்கிறதில்லை. "நல்லாரிக்கு" என்பார்கள், அல்லது விலை கேட்பார்கள். வாசலில் போடுகிற கோலமும் அப்படித்தான். அரூபம் என்பது பாரிஸிலிருந்து கப்பலேறி வந்த சாமான் இல்லை. நாம அதில படுத்துத் தூங்கியிருக்கிறோம்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொரு கேள்வியில். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், கொஞ்சம் படித்தவர்கள், மெதுவாகக் கேட்பார்கள்: "இது யுத்தமா?" மூதூர் என்றதும் அவர்களுக்கு 2004 சுனாமியும் 2006 ஆகஸ்டும்தான் ஞாபகம் வரும். ஊரே கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்த மாதம் அது. அதை மறந்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன், மறக்கவும் ஏலாது. ஆனால் சிவப்பைக் கண்டால் ரத்தம், நீலத்தைக் கண்டால் சுனாமி, கறுப்பு என்றால் காணாமற்போனவர்கள் என்று ஒரு அகராதி தயாராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்க ஏலாது. கொழும்பில் ஒருத்தர் சிவப்பை வைத்தால் அது நிறம். மூதூரில் வைத்தால் வாக்குமூலம். மஞ்சளுக்குப் பக்கத்தில் நன்றாயிருக்கிறது என்பதற்காகச் சிவப்பை வைக்கிற சுதந்திரம் எங்களுக்கு இல்லையா?

சரி, இனி அவளுடைய பதில். "கையில வந்தது" என்பதை நான் பொய் என்று சொல்லவில்லை. பாதி உண்மை.

அச்சுதன் கூடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல் கேரளத்தில், நிளா ஆற்றங்கரைக் கூடலூரில் பிறந்தவர். எம். டி. வாசுதேவன் நாயருக்கும் அதே ஊர்தான். சிவில் பொறியியல் டிப்ளோமா முடித்து, சென்னையில் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தார். மலையாளத்தில் கதையும் எழுதினார். ஓவியக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் எடுத்தவர் இல்லை. வேலை முடிந்து பின்னேரங்களில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குப் போய்க் கீறிப் பழகினவர். முதலில் உருவங்கள்தான் வந்தன. எழுபதுகளின் பிற்பகுதியில் உருவம் கழன்று விழுந்து நிறம் மட்டும் மிஞ்சியது. 1988இல் லலித் கலா அகாதமியின் தேசிய விருது கிடைத்தது. 2022இல் காலமானார். அவருடைய படங்களைப் பார்த்தால் ஒரு நிறம் அடுத்த நிறத்தைக் கூப்பிட்டு எடுத்த மாதிரி அவ்வளவு இயல்பாக இருக்கும். அந்த இயல்புக்குப் பின்னால் எத்தனை பின்னேரங்கள் இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அலுவலகம் விட்டுக் களைத்து வந்து, யாரும் கேட்காமல் கீறின பின்னேரங்கள்.

ஆதிமூலமும் அப்படித்தான். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு நூறு காந்திகளைக் கறுப்புக் கோட்டில் வரைந்த கைதான் பிற்காலத்தில் எண்ணெய் வர்ணத்தில் வெறும் நிறப் பரப்புகளுக்குப் போனது. நம்ம யாழ்ப்பாணத்து மாற்கு முழுசாக அரூபத்துக்குள் போனவர் இல்லை, ஆனால் அவரைப் பற்றி 1987இல் வந்த நூலின் பெயர் எனக்குப் பிடிக்கும்: 'தேடலும் படைப்புலகமும்'. தேடல் முதலில், படைப்பு பிறகு.

ஆகவே உள்ளுணர்வு என்பது வானத்திலிருந்து விழுகிற வஹீ இல்லை. கை படித்த பாடம், வாய்க்கு இன்னும் சொல்லத் தெரியாத பாடம். "தெரியா" என்று சொல்லி அதை மூடிவைக்கிறபோது, அவள் தன் உழைப்பைத்தான் மறைக்கிறாள். நம்ம ஊரில் பொம்பிளைப் பிள்ளைகளின் உழைப்பை மறைக்க வேறு ஆட்களே போதும், அவளும் ஏன் சேர்ந்து மறைக்க வேண்டும்?

போன மாதம் அவள் கீறும்போது நான் ஒரு பின்னேரம் முழுக்கப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளைப் பெரிதாக வைத்தாள். பிறகு போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். வந்து திருப்பிப் பார்த்தாள். பழைய துணியால் ஒரு மூலையைத் துடைத்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு சாம்பல் நிறம். ஏன் அங்க சாம்பல் என்று கேட்டேன்.

"அந்த மஞ்சள் கத்திக்கிட்டு இருந்திச்சி. அமத்தினன்."

இதுதானே பதில்! இதில் யுத்தமும் இல்லை, "தெரியா"வும் இல்லை. அவளிடம் காரணம் இருக்கிறது, அது நிறத்தின் பாஷையில் இருக்கிறது. என்ன படம் என்று கேட்டால் அது வெளியே வராது. எங்க நிப்பாட்டின, ஏன் அங்க நிப்பாட்டின, எதை அழிச்ச என்று கேட்டால் வரும். அவளும் கதைக்கப் பழகவேண்டும், நாமும் கேட்கப் பழகவேண்டும்.

அந்தப் படம் காய்ந்த பிறகு அவளுடைய உம்மா வந்து பார்த்தார். என்ன படம் என்று கேட்கவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஓரம் இழுபடுது புள்ள" என்றார். பாயில் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் சொல்கிற அதே சொல்.

அடுத்த நாள் போனபோது அந்த ஓரத்தில் புதுச் சாயம் ஈரமாக இருந்தது.