போகிறேன் என்பவரை என்ன செய்வது?

2017 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்பின் உரிமையாளர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். ஃபிலிப் கோட்டினோ விற்பனைக்கு இல்லை, யார் எவ்வளவு கொடுத்தாலும் பேச்சுக்கே இடமில்லை என்பது அதன் சாரம். சில மணி நேரம்தான் ஆனது. கோட்டினோவிடமிருந்தே கிளப்புக்கு ஈமெயில் வந்து விழுந்தது. தன்னை விடுவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

மறுநாள் சீசனின் முதல் போட்டி, வாட்ஃபோர்டு அணிக்கு எதிராக. கோட்டினோ அணியில் இல்லை. முதுகு வலி என்றது கிளப். ஆட்டம் 3-3 என்று முடிந்தது. அதே மாதம் 31-ம் தேதி பிரேசில் அணிக்காக ஈக்வடாருக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், கோலும் அடித்தார். அந்த முதுகு வலி எந்த ஊர் வைத்தியத்தில் குணமானது என்று லிவர்பூல் ரசிகர்கள் கேலி பேசாத நாள் இல்லை.

கேலிக்குப் பின்னால் வருத்தம் இருந்தது. 2013 ஜனவரியில் இத்தாலியின் இன்டர் மிலானிலிருந்து 85 லட்சம் பவுண்டுக்கு வந்த பையன் அவர். தூரத்திலிருந்து பந்தை வளைத்து வலைக்குள் அனுப்பும் வித்தை தெரிந்தவர். 2017 ஜனவரியில்தான் புதிதாக ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார். ஆனால் அந்தக் கோடையில் நெய்மரை 22.2 கோடி யூரோவுக்கு பாரிஸ் அணி வாங்கிக்கொண்டு போனது. கை நிறையப் பணத்தோடும் அணியில் ஒரு காலி இடத்தோடும் நின்ற பார்சிலோனா, கோட்டினோவைப் பார்த்துக் கண்ணடித்தது. ரொனால்டினோ ஆடிய அணி அழைத்தால் எந்த பிரேசில் பையனுக்குத்தான் மனசு கேட்கும்?

இந்த இடத்தில் ரசிகர்கள் எப்போதும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். மனசு இல்லாதவனை வைத்துக்கொண்டு என்ன பயன், விற்றுத் தொலை என்பது ஒன்று. கையெழுத்துப் போட்டவன் ஆடித்தான் ஆக வேண்டும், உட்கார வை என்பது இன்னொன்று. இரண்டு கட்சியுமே ஆட்டக்காரரைப் பற்றி மட்டும்தான் பேசுகின்றன. அவர் போன பிறகு அந்த இடத்தில் யார், எப்போது, எந்தப் பணத்தில் என்பதை யாரும் கேட்பதில்லை. முடிவு சரியா தப்பா என்பதே அதில்தான் இருக்கிறது.

லிவர்பூலுக்கு இது புதிய தலைவலியும் அல்ல. நாலு வருடத்துக்கு முன்னால் லூயிஸ் சுவாரெஸ் என்று ஒருவர் இருந்தார்.

உருகுவே நாட்டுக்காரர். திறமையில் குறை சொல்ல ஆளில்லை, குணத்தில் குறை சொல்லாத ஆளில்லை. 2013 ஏப்ரலில் செல்ஸீ அணியின் இவனோவிச்சை ஆட்டத்தின் நடுவே கையில் கடித்துவிட்டு, 10 போட்டிகளுக்குத் தடை வாங்கினார். தடை முடிவதற்குள் கோடைக்காலம் வந்தது. சாம்பியன்ஸ் லீக்கில் ஆட வேண்டும், விடுங்கள் என்றார். ஆர்சனல் அணி விலை கேட்டது. எவ்வளவு தெரியுமா? 4 கோடியே 1 பவுண்ட். 4 கோடிக்கு மேல் யாராவது கேட்டால் போகலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த ஒற்றை பவுண்டை ஒட்ட வைத்திருந்தார்கள். அப்படிக் கேட்டால் பேசுவோம் என்றுதான் அர்த்தம், கொடுத்துவிடுவோம் என்று அல்ல என்றது லிவர்பூல்.

கிளப் வாக்கு மீறிவிட்டது என்று சுவாரெஸ் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். மேனேஜர் பிரெண்டன் ராட்ஜர்ஸ் அவரை மற்றவர்களோடு சேர்க்காமல் தனியாகப் பயிற்சி செய்ய வைத்தார். கடைசியில் காரியத்தைச் சாதித்தது கேப்டன் ஸ்டீவன் ஜெரார்ட். லிவர்பூல் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த ஊரின் செல்லப் பிள்ளை. சுவாரெஸை உட்கார வைத்துப் பேசினார். ஒரு வருடம் இரு, நன்றாக ஆடு, இதைவிடப் பெரிய கிளப் தானாக வரும் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

இருந்தார். அந்த சீசனில் 33 லீக் போட்டிகளில் 31 கோல். அதில் ஒன்றுகூட பெனால்டி இல்லை. அணி மொத்தம் 101 கோல் அடித்து, சாம்பியன் பட்டத்தை 2 புள்ளியில் விட்டது. கடைசி வாரத்தில் கிரிஸ்டல் பேலஸ் அணியிடம் 3-0 என்று முன்னால் இருந்த ஆட்டம் 3-3 ஆனபோது, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதவர், போக வேண்டும் என்று அடம்பிடித்த அதே சுவாரெஸ்தான்.

ஆக, உட்கார வைத்தது சரி. ஆனால் ஜெரார்ட் சொன்னபடியே பெரிய கிளப் வந்தது. 2014 ஜூலையில் பார்சிலோனா அவரை சுமார் 6.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த வருடமே சாம்பியன்ஸ் லீக் கோப்பை, இறுதிப் போட்டியில் ஒரு கோல். அவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. லிவர்பூலுக்குத்தான் வினை. வந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தீபாவளி கடைசி நேர ஷாப்பிங் மாதிரி, இவர் ஒன்று அவர் ஒன்று என்று அரை டஜனுக்கு மேல் ஆட்களை வாங்கினார்கள். சுவாரெஸின் இடத்தை நிரப்புவார் என்று பார்த்த மரியோ பலோட்டெல்லி, அந்த லீக் சீசன் முழுக்க அடித்தது ஒரே ஒரு கோல். இன்னொரு முன்கள வீரர் ஸ்டர்ரிட்ஜ் காயத்தில் படுத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 101 கோல் 52 ஆனது. அணி ஆறாவது இடம். 2015 அக்டோபரில் ராட்ஜர்ஸ் வேலையை இழந்தார்.

அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஜெர்மானியர் யூர்கன் க்ளாப்தான், 2017-ல் கோட்டினோவின் ஈமெயிலைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோடையில் பார்சிலோனா திரும்பத் திரும்ப விலையை ஏற்றிக் கேட்டது. லிவர்பூல் அசையவில்லை. அசையாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் அந்த ஐந்தாண்டு ஒப்பந்தம். 1995-ல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் காசில்லாமலேயே வேறு கிளப்புக்கு நடையைக் கட்டலாம். ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மிச்சம் என்றால் கிளப்பின் கை கீழே, நாலரை வருடம் மிச்சம் என்றால் கிளப்பின் கை மேலே. க்ளாப்பும் ஊடகத்தில் கோட்டினோவைத் திட்டவில்லை, அவமானப்படுத்தவில்லை. செப்டம்பரில் அணிக்குள் கூப்பிட்டுக்கொண்டார். டிசம்பர் முடிவதற்குள் 20 போட்டிகளில் 12 கோல் அடித்துக் கொடுத்தார் கோட்டினோ.

இதே நேரத்தில் இன்னொரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. சவுத்தாம்ப்டன் அணியின் தடுப்பாட்டக்காரர் விர்ஜில் வான் டைக், அதே ஆகஸ்டில் தன் கிளப்புக்கு விடுவிப்புக் கடிதம் கொடுத்திருந்தார். அவரைத் தனியாகப் பயிற்சி செய்ய வைத்து, விற்க மாட்டோம் என்று நின்றது சவுத்தாம்ப்டன். அவர் போக விரும்பிய இடம் எது? லிவர்பூல்! அதாவது, பார்சிலோனா தன் ஆளின் மனசைக் கலைக்கிறது என்று லிவர்பூல் பொருமிய அதே கோடையில், லிவர்பூலால் தன் ஆள் மனசு கலைந்து நிற்கிறார் என்று சவுத்தாம்ப்டன் பொருமியது. கால்பந்தில் நியாயம் என்பது யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

2017 டிசம்பர் 27-ம் தேதி 7.5 கோடி பவுண்டுக்கு வான் டைக் லிவர்பூலுக்கு வருவது உறுதியானது. பத்தே நாள் கழித்து, 2018 ஜனவரி 6-ல் கோட்டினோவை 14.2 கோடி பவுண்ட் வரை போகக்கூடிய விலைக்கு பார்சிலோனாவுக்குக் கொடுத்தார்கள். வருகிறவர் வந்த பிறகுதான் போகிறவருக்குக் கதவு திறந்தது. 2014-ல் செய்யாத வேலை இதுதான்.

சீசன் நடுவில் இப்படிச் செய்கிறார்களே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் கோட்டினோ ஆடிய இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. எல்லாமே முன்கூட்டிப் போட்ட கணக்கு என்று இன்று சொல்வது கொஞ்சம் மிகை. அந்த சீசனில் புதிதாக வந்த முகமது சாலா லீக்கில் 32 கோல் அடிப்பார் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை. 2018 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் கோல்கீப்பர் கேரியஸ் செய்த தவறுகளால் தோற்ற பிறகு, பிரேசிலின் அலிசனை 6 கோடிக்குச் சற்று மேல் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். வான் டைக், அலிசன் இருவரின் விலையையும் கூட்டினால் கோட்டினோவின் விலைக்கு ஏறக்குறைய வந்துவிடும். ஒரு வித்தைக்காரருக்கு ஒரு சுவரும் ஒரு பூட்டும்.

2019 மே 7, ஆன்ஃபீல்டு மைதானம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது சுற்று. முதல் சுற்றில் 3-0 என்று ஜெயித்திருந்த பார்சிலோனா, சுவாரெஸையும் கோட்டினோவையும் இறக்கியது. போகிறேன் என்று சொல்லிப் போன இருவரும் பழைய வீட்டுக்கு வேறு சட்டையில் வந்திருந்தார்கள். 60-வது நிமிடத்தில் கோட்டினோவை வெளியே எடுத்தார்கள். லிவர்பூல் 4-0 என்று ஜெயித்து, அந்தக் கோப்பையையும் அடுத்த வருடம் 30 ஆண்டு காத்திருந்த லீக் பட்டத்தையும் தூக்கியது.

வான் டைக்கைக் கொடுத்த சவுத்தாம்ப்டன் அந்த சீசனில் 17-வது இடத்தில் முடிந்தது. ஓர் இடம் கீழே போயிருந்தால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருக்கும். அவர்களும் அரை சீசன் பிடித்து வைத்தவர்கள்தான், நல்ல விலையும் வாங்கியவர்கள்தான். அந்த இடத்தில் நிற்க ஆள்தான் இல்லை.

கோட்டினோ? பார்சிலோனாவில் ஒட்டவே இல்லை. 2019-ல் இரவலாக பேயர்ன் மியூனிக் அணிக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆகஸ்டில் பேயர்ன் 8-2 என்று பார்சிலோனாவைத் துவைத்தபோது, கடைசி இரண்டு கோல்களையும் அடித்தவர் அவர். அப்போதும் சம்பளம் பேசிய முதலாளி பார்சிலோனாதான்!

2022 ஜனவரியில் அவரை மறுபடி இங்கிலாந்துக்குக் கூட்டி வந்தது ஆஸ்டன் வில்லா. அங்கே மேனேஜர், சுவாரெஸை உட்கார வைத்துப் பேசிய அதே ஸ்டீவன் ஜெரார்ட். கோடையில் வில்லா அவரை நிரந்தரமாக வாங்கிய விலை சுமார் 1.7 கோடி பவுண்ட்.

அந்த சீசனின் கடைசி நாள், 2022 மே 22. மான்செஸ்டர் சிட்டி ஜெயிக்காமல் போய், லிவர்பூல் ஜெயித்தால் பட்டம் லிவர்பூலுக்கு. சிட்டியின் மைதானத்தில் ஆடியது வில்லா. 69-வது நிமிடத்தில் கோட்டினோ கோல் அடித்தார், 2-0. ஆன்ஃபீல்டில் தங்கள் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு செல்போனில் சேதி வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் முதுகு வலியைக் கேலி செய்தவர்கள் அவர் கோலுக்குத் துள்ளினார்கள். பிறகு சிட்டி ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று கோல் அடித்தது. லிவர்பூல் ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது.