கவாத்தும் கல்வியும்

அடங்காத பிள்ளையைப் பார்த்து, "உன்னைப் பட்டாளத்தில் சேர்த்து விட்டால்தான் சரிப்படுவாய்" என்று பெரியவர்கள் மிரட்டுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். சேர்த்து விடுவதும் இல்லை. பிள்ளை சரிப்படுவதும் இல்லை. மிரட்டல் மட்டும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அமெரிக்காவில் ஒரு நகரத்து மேயர் இந்த மிரட்டலையே கல்வித் திட்டமாக மாற்றி, சம்பளம் வாங்காத பொதுப் பள்ளிக்கூடம் ஒன்றை ராணுவக் கலாசாலையின் மாதிரியில் நிறுவினார். 2001-ஆம் ஆண்டில் நடந்த விஷயம் அது. நம் தேசத்திலும் இப்போது ஸைனிக் பள்ளிகளைப் பெருக்கும் முயற்சி நடைபெற்று வருவதால், அந்த வரலாற்றை நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

அந்த மேயரின் பெயர் ஜெர்ரி பிரௌன். ராணுவப் பள்ளி தொடங்கக் கூடியவர் என்று யாரும் கனவிலும் நினைத்திருக்க முடியாத மனிதர். கலிபோர்னியா மாகாணத்தின் கவர்னராயிருந்தவருடைய புதல்வர். பதினெட்டு வயதில் பாதிரியாராகும் நோக்கத்துடன் ஏசு சபையின் மடத்தில் சேர்ந்து, 1956 முதல் 1960 வரை அங்கே விரதம் காத்தவர். பிறகு மனம் மாறி, சட்டம் படித்து, அரசியலில் இறங்கினார். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தார். 1975 முதல் 1983 வரை தாமும் கவர்னராயிருந்தார். பதவி போன பின் ஜப்பானுக்குச் சென்று ஜென் தியானம் பயின்றார். அங்கிருந்து நமது கல்கத்தாவுக்கு வந்து, அன்னை தெரஸாவின் இல்லத்தில் சாகுந் தறுவாயிலிருந்த ஏழைகளுக்குப் பணிவிடை செய்தார். இவ்வளவும் செய்து முடித்து, 1999-இல் ஓக்லண்ட் நகரத்தின் மேயராக வந்து அமர்ந்தவர், குழந்தைகளுக்குக் கவாத்துப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆரம்பித்தார்! சந்நியாசத்தை நாடிப் போனவர் பட்டாளத்தைத் தேடி வந்தது எப்படி என்று அவருடைய நண்பர்களே திகைத்தார்கள்.

ஓக்லண்ட் நகரம் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருப்பது. சுமார் நான்கு லட்சம் ஜனங்கள், பெரிய துறைமுகம், நீக்ரோவர் என்று முன்னாளில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களும், மெக்ஸிகோ முதலிய தேசங்களிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர். துறைமுகத்தை ஒட்டி 1941-இல் அமைக்கப்பட்ட பெரிய ராணுவத் தளம் ஒன்று அங்கே இருந்தது. வியட்நாமுக்குச் சென்ற சிப்பாய்களில் அநேகர் அந்தத் தளத்தைக் கடந்துதான் போனார்கள். 1967-இல் கட்டாயப் படைச் சேர்க்கையை எதிர்த்து இளைஞர்கள் ஓக்லண்ட் வீதிகளில் நாட்கணக்கில் மறியல் செய்து, போலீஸாரிடம் அடிபட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் 'கருஞ்சிறுத்தைக் கட்சி' பிறந்ததும் அதே ஊரில்தான். ஆகவே, ராணுவ உடுப்பு என்றால் ஓக்லண்ட் வாசிகளுக்கு வீட்டிலிருந்து போய்த் திரும்பாத பிள்ளையின் ஞாபகம் வரும். அப்படிப்பட்ட ஊரில் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அந்த உடுப்பை மாட்டுவதென்றால் சும்மா இருப்பார்களா?

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நகரத்தின் பள்ளிக்கூடங்கள் மிகவும் சீர்கெட்டிருந்தன. ஹைஸ்கூல் படிப்பை முடிக்காமலே நின்று விடும் பிள்ளைகள் ஏராளம். நிர்வாகத்தின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். 2003-இல் கஜானா அடியோடு வறண்டு, மாகாண ஸர்க்கார் 100 மில்லியன் டாலர் கடன் கொடுத்துப் பள்ளிக்கூடங்களின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக் கொள்ள நேர்ந்தது என்றால் வேறு சாட்சி எதற்கு? பணம் படைத்தவர்கள் தங்கள் குழந்தைகளைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பி விட்டார்கள். எஞ்சியவர்கள் ஏழைகளின் குழந்தைகள்.

மேயருக்கோ பள்ளிக்கூடங்களின் மேல் நேரடியான அதிகாரம் இல்லை. அது தேர்ந்தெடுக்கப்பட்ட கல்விச் சபையின் வசம் இருந்தது. ஆகவே அவர் 'சார்ட்டர்' பள்ளி என்னும் வழியைப் பிடித்தார். 'சாஸனப் பள்ளி' என்று நாம் அதைச் சொல்லலாம். 1991-இல் மின்னஸோட்டா மாகாணமும், 1992-இல் கலிபோர்னியாவும் இதற்குச் சட்டம் செய்தன. சிலர் ஒன்றுகூடி, இன்ன விதமான பள்ளிக்கூடத்தை இன்ன முறையில் நடத்துவோம், இன்ன பலனைக் காட்டுவோம் என்று எழுதி விண்ணப்பித்தால், கல்விச் சபை அதைப் பரிசீலித்துச் சில ஆண்டுகளுக்குச் சாஸனம் வழங்கும். தலைக்கு இவ்வளவு என்று ஸர்க்கார் பணம் வரும். மாணவர்களிடம் சம்பளம் வாங்கக் கூடாது, மதபோதனை கூடாது, விரும்பி வருகிறவர்களைத் தள்ளக் கூடாது, இடத்துக்கு மேல் ஆட்கள் வந்து விட்டால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். சொன்ன பலனைக் காட்டாவிட்டால் சாஸனம் புதுப்பிக்கப்படாது. வழக்கமான பள்ளிகளைக் கட்டும் விதிகளில் பலவற்றிலிருந்து விலக்கு உண்டு. சுதந்தரத்தையும் பொறுப்பையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு என்று வைத்துக் கொள்ளலாம்.

பிரௌனின் கூட்டாளியாக வந்தது கலிபோர்னியாவின் 'நேஷனல் கார்டு'. இது முழு நேரப் பட்டாளம் அல்ல. கடைக்காரரும் குமாஸ்தாவும் எஞ்சினீயரும் மாதத்தில் இரண்டு நாள் பயிற்சி பெற்று, காட்டுத் தீயும் வெள்ளமும் பூகம்பமும் வரும்போது கவர்னரின் கட்டளைப்படி ஓடி வரும் படை. ஆனால் யுத்தம் வந்தால் ஜனாதிபதி அதைக் கடல் கடந்தும் அனுப்பலாம் என்பதை மறக்கக் கூடாது. ஓக்லண்டில் எதிர்த்தவர்கள் மறக்கவில்லை. "ஏழைக் குழந்தைகளைப் பிடித்துப் பட்டாளத்துக்குப் பழக்கும் தந்திரம் இது" என்றார்கள். நகரக் கல்விச் சபை விண்ணப்பத்தை நிராகரித்தது. மேல் முறையீட்டில் மாவட்டக் கல்விச் சபையும் நிராகரித்தது. கடைசியில் மாகாணக் கல்விச் சபையிடம் போய், 2000-ஆம் ஆண்டின் இறுதியில் மேயர் சாஸனத்தைப் பெற்று விட்டார். அப்போதைய கவர்னர் கிரே டேவிஸ் இதற்கு ஆதரவாயிருந்தார். அவர், பிரௌன் கவர்னராயிருந்த காலத்தில் அவருக்குத் தலைமைக் காரியதரிசியாக வேலை பார்த்தவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் விட நமக்கு மனம் வரவில்லை. சிஷ்யன் சிம்மாசனத்தில் இருந்தால் குருவுக்குச் சில வாசல்கள் சுலபமாகத் திறக்கத்தான் செய்யும்.

'ஓக்லண்ட் மிலிடரி இன்ஸ்டிடியூட்' 2001-இல் ஏழாம் வகுப்புடன் ஆரம்பமாயிற்று. ஆரம்பமான இடம், 1999-இல் மூடப்பட்ட அதே பழைய ராணுவத் தளம்! காலையில் அணிவகுப்பு, உடுப்பு மடிப்புக் கலையாமல் இருக்கிறதா, காலணி பளபளக்கிறதா என்று சோதனை, மாணவர்களுக்குள்ளேயே பதவிகள், மூத்தவன் இளையவனுக்குப் பொறுப்பு. பாடம் நடத்துகிறவர்கள் சாதாரண உபாத்தியாயர்கள். ஒழுங்கைக் கவனிக்கிறவர்கள் உடுப்பணிந்த நேஷனல் கார்டுக்காரர்கள். ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்ந்து, முதலில் சேர்ந்தவர்கள் 2007-இல் படிப்பை முடித்தார்கள். படிப்பை முடித்தவர்கள் படையில் சேர வேண்டுமென்ற கடமை ஏதுமில்லை. சர்வகலாசாலைப் படிப்புக்கு ஆயத்தம் செய்வதே பள்ளியின் நோக்கம் என்று அதன் பெயரிலேயே சேர்த்து எழுதியிருந்தார்கள். ஆனால் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே 2001 செப்டம்பர் 11 வந்தது. பின்னர் ஆப்கானிஸ்தானத்துக்கும் இராக்குக்கும் நேஷனல் கார்டுப் படையினரும் அனுப்பப்பட்டனர். பெற்றோருக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

பலன் என்ன? பரீட்சைகளில் அந்தப் பள்ளி முதல் சில ஆண்டுகளில் மாகாணம் குறித்திருந்த இலக்கை எட்டவில்லை. கவாத்துக் கற்றுக் கொண்டால் கணக்குத் தானாக வந்து விடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள்.

இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. ராணுவக் கலாசாலை என்றதும் நம் மனக்கண் முன் வருவது அணிவகுப்பும் பித்தளைப் பொத்தான்களும்தான். ஆனால் அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்ட் பாயிண்ட் கலாசாலைக்கு மேன்மை வந்த விதம் வேறு. 1802-இல் ஸ்தாபிக்கப்பட்ட அது, முதல் பதினைந்து வருஷங்கள் கட்டுக்குலைந்து கிடந்தது. 1817-இல் ஸில்வேனஸ் தேயர் என்பவர் தலைவராக வந்தார். 1833 வரை இருந்தார். அவர் செய்த புரட்சி வகுப்பறைக்குள் நடந்தது. மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு மாணவனும் பாடத்தை முன்கூட்டியே படித்து வர வேண்டும். ஒவ்வொரு நாளும் கரும்பலகையின் முன் நின்று, கணக்கைப் போட்டு, வாய் திறந்து விளக்க வேண்டும். அன்றைக்கன்றே மார்க்கு. ஒளிந்து கொள்ளக் கடைசிப் பெஞ்சி என்று ஒன்று கிடையாது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் அமெரிக்காவின் ரயில் பாதைகளையும் துறைமுகங்களையும் அமைத்த எஞ்சினீயர்களில் பலர் இந்தக் கரும்பலகையின் முன் நின்றவர்களே. அந்தக் கலாசாலையின் உண்மையான கண்டிப்பு, ஒவ்வொரு பையனும் தினந்தோறும் ஒரு பெரியவருடைய கண்ணில் பட்டே தீர வேண்டும் என்பதுதான்.

உடுப்புக்கு அதிகச் செலவு ஆகாது. கவாத்துக்கு ஒரு மைதானமும் உரத்த குரலும் போதும். நாற்பது பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து, நாளுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொருவனையும் பேச வைப்பதற்குத்தான் பணமும் ஆளும் வேண்டும். பிரௌன் இதை அநுபவத்தில் உணர்ந்தார் என்றே தோன்றுகிறது. இந்தப் பள்ளிக்கும், 2002-இல் தாம் தொடங்கிய கலைப் பள்ளிக்குமாக அவர் ஊர் ஊராக நன்கொடை திரட்டினார். மேயர் பதவி முடிந்து, மாகாண அட்டர்னி ஜெனரலாகி, 2011-இல் மறுபடியும் கவர்னரான பிறகும் அவர் கையேந்துவதை நிறுத்தவில்லை. பல மில்லியன் டாலர் சேர்ந்தது. ஸர்க்காரிடம் காரியம் ஆக வேண்டிய கம்பெனிகள் கவர்னரின் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுப்பது முறைதானா என்று பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்வி. ஒரு பள்ளிக்கூடம் நன்றாக நடப்பதற்கு அதன் ஸ்தாபகர் கவர்னராயிருந்தாக வேண்டுமென்றால், கவர்னர் இல்லாத மற்றப் பள்ளிக்கூடங்கள் என்ன செய்யும்?

எதிர்த்தவர்களின் கட்சியில் ஒரு சொல்லை மட்டும் நாம் ஏற்க முடியவில்லை. கண்டிப்பு என்பதே ஏழைகளை அடக்கும் கருவி என்று அவர்கள் பேசினார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தலைமுறை தலைமுறையாகக் கண்டிப்பான பள்ளிகளைத் தேடி, பணம் கொட்டிக் கொடுத்துச் சேர்ந்தவர்கள் சீமான் வீட்டுப் பிள்ளைகள். பிரௌன் தாமும் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஏசு சபையார் நடத்திய கண்டிப்பு மிகுந்த பள்ளியில் படித்தவர். தமக்குக் கிடைத்தது ஓக்லண்ட் தொழிலாளியின் மகனுக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்தது குற்றமாகாது. சிகாகோ நகரத்தில் 1999-இல் திறக்கப்பட்ட பிரான்ஸ்வில் ராணுவப் பள்ளியையும் இங்கே நினைவு கூரலாம். கறுப்பு வீரர்களின் எட்டாவது படைப் பிரிவுக்கென்று கட்டப்பட்ட பழைய படைவீட்டைப் புதுப்பித்து, அதே பேட்டையின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமாக்கினார்கள். அந்தச் சுவர்களுக்குள் உடுப்பணிந்து நிற்பதை அக்குழந்தைகள் அவமானமாகக் கருத வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

இனி நமது தேசத்துக்கு வருவோம். பாதுகாப்பு மந்திரியாயிருந்த வி. கே. கிருஷ்ண மேனனின் முயற்சியால் 1961-இல் ஸைனிக் பள்ளிகள் ஏற்பட்டன. தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைக்கு அருகே, அமராவதி அணையின் பக்கத்தில் 1962-இல் ஒன்று அமைந்தது. கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கலாசாலைக்குப் பிள்ளைகளைத் தயாரித்து அனுப்புவது இவற்றின் வெளிப்படையான நோக்கம். அகில இந்தியப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். அதாவது, நன்றாகப் படிக்கிற பிள்ளையைச் சேர்த்து இன்னும் நன்றாகப் படிக்க வைக்கிறார்கள். அது நல்ல காரியமே. 2021 முதல் பெண் குழந்தைகளையும் எல்லா ஸைனிக் பள்ளிகளிலும் சேர்ப்பது அதைவிட நல்ல காரியம். ஓக்லண்ட் எடுத்துக் கொண்ட வேலையோ வேறு. சீட்டுக் குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அந்தக் குழந்தையை, அது எழுத்துக் கூட்டிப் படிப்பதாயிருந்தாலும், ஏற்றுக் கொண்டு கரையேற்ற வேண்டும்.

முன்னே இருந்த 33 ஸைனிக் பள்ளிகளுடன், மாநில ஸர்க்கார்களும் தர்ம ஸ்தாபனங்களும் தனியாரும் கூட்டாளிகளாக நடத்தும் 100 பள்ளிகளைச் சேர்ப்பதற்கு மத்திய மந்திரி சபை 2021 அக்டோபரில் அநுமதி அளித்தது. அமெரிக்கர்களின் சாஸனப் பள்ளிக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு இதுதான். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே மாணவர்கள் சம்பளம் கட்ட வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு, ஐம்பது பேருக்கு மேற்படாமல், பாதிச் சம்பளத்தை ஆண்டுக்கு 40,000 ரூபாய் வரையில் மத்திய ஸர்க்கார் உதவியாகத் தருகிறது. மற்றப் பாதிப் பேர் முழுதும் கட்டியாக வேண்டும். கூலி வேலை செய்கிறவரின் மகன் இந்த வாசலில் நுழைவது எளிதல்ல.

இந்தப் பள்ளிகளை நடத்த முன்வருகிறவர்களிடம் உடுப்பின் நிறத்தையும் மைதானத்தின் அளவையும் கேட்பதற்கு முன், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு எத்தனை உபாத்தியாயர்கள், அந்த உபாத்தியாயர்களுக்கு மாதம் என்ன சம்பளம் என்று ஸர்க்கார் கேட்க வேண்டும். கேட்டதை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடவும் வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர்களும், குடியரசு தினத்தில் அது மிடுக்காக நடந்து வருவதைப் பார்த்து மயங்கி விடாமல், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையன்று கணக்கு வகுப்பின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து விட்டு, பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாம்.