மானத்துக்கு ஒரு சட்டம்

"உமக்கு ஏன் ஐயா துருக்கிக் கவலை? நம் ஊரில் கதைக்கா பஞ்சம்?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' நாவலைத் தமிழில் என்னிடம் இரவல் வாங்கிப் போய், மூன்று மாதம் திருப்பித் தராமல், பார்ப்பவரிடமெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தவரும் இவரேதான். கதை வேண்டுமாம், அதை எழுதியவன் குற்றவாளிக் கூண்டில் நின்ற கதை மட்டும் வேண்டாமாம்! அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நமக்குப் பழக்கமான ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் மருமகளை அடிக்கிறார்கள். அவள் வாசலுக்கு வந்து அழுகிறாள். உடனே பெரியவர் ஒருவர் எழுந்து, "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்து மானத்தை வாங்கிவிட்டாளே!" என்கிறார். அடித்த கையால் போகாத மானம் அழுத வாயால் போய்விட்டது!

இந்தப் பெரியவரின் நியாயத்தை ஒரு தேசம் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. துருக்கியின் தண்டனைச் சட்டத்தில் 301 என்று ஒரு பிரிவு. 2005-ல் அது வந்தபோது, 'துருக்கியத் தன்மை'யை இழிவுபடுத்துகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. அதையே துருக்கியக் குடிமகன் வெளிநாட்டில் வைத்துச் செய்தால் தண்டனை மூன்றில் ஒரு பங்கு கூடும் என்றும் சேர்த்துக்கொண்டது. வீதிக்கு வந்து அழுதால் அடி கூட விழும், அவ்வளவுதான் பொருள்.

2005-ல் பாமுக் ஒரு சுவிட்சர்லாந்துப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தம் மண்ணில் ஆர்மீனியர்களும் குர்துகளும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதையும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்காததையும் சொன்னார். வழக்குப் பாய்ந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் 2006 ஜனவரியில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பெரிய பெயர் அவரைக் காப்பாற்றியது என்று வைத்துக்கொள்வோம். பெயர் இல்லாதவனுக்கு?

ஹ்ராண்ட் டிங்க் ஒரு பத்திரிகாசிரியர். துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். இஸ்தான்புல்லில் 1996 முதல் 'ஆகோஸ்' என்ற வாரப் பத்திரிகையைத் துருக்கி மொழியிலும் ஆர்மீனிய மொழியிலும் நடத்திவந்தார். இரண்டு இனமும் பேசிப் பழக வேண்டும் என்பது அவர் ஆசை. வெளிநாடுகளில் வாழும் ஆர்மீனியர்களைப் பார்த்து, துருக்கியர் மேல் உள்ள பகை உங்கள் ரத்தத்தில் நஞ்சாகக் கலந்திருக்கிறது, அதைக் கழித்து விடுங்கள் என்ற கருத்தில் எழுதினார். துருக்கியர் ரத்தமே நஞ்சு என்று எழுதியதாக அதைத் திரித்தார்கள். கட்டுரையைப் படித்த நிபுணர்கள் இதில் அவமதிப்பு ஏதும் இல்லை என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்படியும் 2005-ல் ஆறு மாதத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள்.

சிறைக்குப் போகவில்லையே, பிறகென்ன என்கிறீர்களா? இவன் தேசத்தை இழிவுபடுத்தியவன் என்று நீதிமன்றம் முத்திரை குத்திவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அது போதாதா? 2007 ஜனவரி 19-ம் தேதி, பத்திரிகை அலுவலக வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவனுக்கு வயது பதினேழு. நடைபாதையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த உடலின் படம் உலகெங்கும் வந்தது. துணிக்கு வெளியே தெரிந்த செருப்பின் அடியில் ஓட்டை. தேசத்தின் மானத்தையே விலை பேசியவர் என்று சொல்லப்பட்ட மனிதரின் செல்வநிலை அது!

இன்னொரு படமும் வெளியாயிற்று. கொலை செய்த பையன் கையில் தேசியக் கொடி. அவன் பக்கத்தில் சீருடைக்காரர்கள்! கொலைச் சதி பற்றிக் காவல் துறைக்கு முன்பே தகவல் போயிருந்தும் அவர் உயிரைக் காக்கத் தவறினார்கள் என்று 2010-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்லுங்கள், மானம் எங்கே கப்பலேறியது? டிங்கின் கட்டுரையிலா, அந்தப் படத்திலா?

இது புதிய வியாதியும் அல்ல. கவிஞர் நாசிம் ஹிக்மத்துக்கு 1938-ல் 28 ஆண்டுச் சிறை விதித்தார்கள். ராணுவ மாணவர்கள் அவர் கவிதைகளைப் படித்தார்கள் என்பது வழக்கின் ஒரு பகுதி. 1950-ல் விடுதலையானார், 1951-ல் நாட்டை விட்டுப் போனார். அந்த ஆண்டே குடியுரிமையைப் பறித்தார்கள். 1963-ல் மாஸ்கோவில் இறந்தார். 2009-ல் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். செத்து 46 ஆண்டு ஆனவனுக்குக் குடியுரிமை! எலும்புக்கூடு எந்தத் தேர்தலில் போய் ஓட்டுப் போடும்?

துருக்கியை வெறுத்து இதை எழுதவில்லை. பெண்களுக்கு 1934-லேயே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கொடுத்த நாடு அது. 2016-ல் ராணுவத்தில் ஒரு பகுதியினர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் உண்மை. கலகக்காரனைத் தண்டிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் நாவலாசிரியர் அஹ்மத் அல்தானைப் பிடித்தார்களே, தொலைக்காட்சிப் பேச்சில் மறைமுகமாகச் சைகைச் செய்தி விடுத்தாராம்! 2018-ல் ஆயுள் தண்டனை. 2021-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தவறு என்று சொன்ன பிறகே வெளியே விட்டார்கள். பறந்த குண்டுக்கும் பேசிய வார்த்தைக்கும் ஒரே தராசா?

301-ம் பிரிவை 2008-ல் கொஞ்சம் செதுக்கினார்கள். 'துருக்கியத் தன்மை' போய் 'துருக்கிய தேசம்' வந்தது. மூன்று ஆண்டு இரண்டாயிற்று. வழக்குத் தொடர நீதி அமைச்சரின் அனுமதி வேண்டும் என்றார்கள். பிரம்பைச் சீவி மெல்லிசாக்கியிருக்கிறார்கள், ஒடித்துப் போடவில்லை.

அந்தத் தேசத்தின் மானத்தை யாருமே காக்கவில்லையா? காத்தார்கள். டிங்கின் இறுதி ஊர்வலத்தில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இஸ்தான்புல் வீதிகளில் நடந்தார்கள். "நாம் எல்லோரும் ஹ்ராண்ட் டிங்க், நாம் எல்லோரும் ஆர்மீனியர்" என்ற அட்டைகளை ஏந்தி நடந்தவர்களில் மிகப் பலர் துருக்கியர்கள். எந்தச் சட்டமும் அவர்களை நடக்கச் சொல்லவில்லை. வாசலில் நின்று அழுத மருமகளின் பக்கத்தில் போய் நின்றவர்கள் அவர்கள்.

நண்பரே, புத்தகத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த வீட்டு வாசலில் அழுகுரல் கேட்டால், ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் அந்த ஊர்வலத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.