73 பந்துகளுக்குப் பிறகு எடுத்த முடிவு

2020 அக்டோபர் 28, புதன்கிழமை காலை. கோவிட் காலம் என்பதால் பாடமெல்லாம் இணையத்தில்தான். ஆசிரியர் மன்னிக்க வேண்டும். அன்று என் ஒரு கண் வகுப்பிலும் மறு கண் கைத்தொலைபேசியிலும் இருந்தது. டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் வேர்ல்ட் சீரிஸ் பேஸ்பால் போட்டியின் ஆறாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 3-2 என முன்னணியில் இருந்தது. தம்பா பே ரேஸ் அணிக்கு இதில் தோற்றால் எல்லாம் முடிந்துவிடும்.

என் ஆதரவு ரேஸ் அணிக்கு. வீரர்களுக்கு மிகக் குறைவாகச் சம்பளம் கொடுக்கும் அணிகளில் அதுவும் ஒன்று. பணத்தால் முடியாததைப் புள்ளிவிவரத்தால் சாதித்து, 60 ஆட்டங்களில் 40 வெற்றி பெற்று அந்த நிலைக்கு வந்திருந்தது. முதல் இன்னிங்ஸிலேயே ரேண்டி அரோசரேனா அடித்த ஹோம் ரன்னால் 1-0 என முன்னிலை கிடைத்தது. அதன்பின் பந்து வீச்சாளர் பிளேக் ஸ்னெல் ஆட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். டாட்ஜர்ஸின் முதல் மூன்று மட்டையாளர்களான மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் மூவரையும் ஆளுக்கு இரண்டு முறை ஸ்டிரைக் அவுட் செய்தார். மொத்தம் 9 ஸ்டிரைக் அவுட்.

ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட்டான பிறகு, வரிசையில் கடைசியாக ஆடும் ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு பந்தை அடித்து முதல் தளத்தை அடைந்தார். அது ஸ்னெல் விட்டுக்கொடுத்த இரண்டாவது அடி மட்டுமே. அவர் வீசியிருந்தது 73 பந்துகள். உடனே பயிற்றுநர் கெவின் கேஷ் திடலுக்குள் நடந்து வந்தார். ஸ்னெல்லை வெளியே அனுப்பிவிட்டு நிக் ஆண்டர்சனை அழைத்தார். கிரிக்கெட்டில் ஒரு வீச்சாளரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு மீண்டும் அழைக்கலாம். பேஸ்பாலில் வெளியே போனவர் போனவர்தான்.

பெட்ஸ் இரண்டு தளம் ஓடுமளவுக்கு அடித்தார். ஆண்டர்சனின் அடுத்த பந்துகளில் ஒன்று தடம் மாறிப் போக, பார்ன்ஸ் ஓடி வந்து கணக்கைச் சமன் செய்தார். சீகர் தரையோடு அடித்த பந்தில் பெட்ஸும் வந்து சேர்ந்தார். சில நிமிடங்களில் 2-1. எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் ஒரு ஹோம் ரன்னும் அடிக்க, 3-1 என வென்ற டாட்ஜர்ஸ் 1988க்குப் பிறகு முதன்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது.

அன்று நானும் எல்லாரையும் போல கேஷைத் திட்டினேன். “கணக்கு பார்த்தே கெடுத்துவிட்டார்” என்றேன். பிறகு நிதானமாக யோசித்தபோது, என் கோபம் பாதிதான் நியாயமானது என்று தோன்றியது.

கேஷ் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. ஒரே வீச்சாளரை மூன்றாவது முறை சந்திக்கும்போது மட்டையாளர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள் என்பது பல ஆண்டுக் கணக்குகள் காட்டும் உண்மை. பந்தின் வேகமும் வளைவும் அதற்குள் கண்ணுக்குப் பழகிவிடும். ஸ்னெல் அதுவரை சந்தித்தது 18 பேரை, அதாவது சரியாக இரண்டு சுற்று. அடுத்து வரவிருந்தவர் பெட்ஸ், மூன்றாவது முறையாக.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பத்து நாள்களுக்கு முன், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், நன்றாக வீசிக்கொண்டிருந்த சார்லி மோர்டனை 66 பந்துகளிலேயே கேஷ் வெளியே எடுத்தார். அன்று வந்தவரும் இதே ஆண்டர்சன்தான். நெருக்கடி தீர்ந்தது, ரேஸ் வென்றது, யாரும் கேஷைத் திட்டவில்லை. ஒரே மாதிரியான முடிவை, வென்றால் மதிநுட்பம் என்றும் தோற்றால் முட்டாள்தனம் என்றும் சொல்வது ஆய்வு ஆகாது.

அப்படியானால் தவறு எங்கே? கேஷ் எண்களை நம்பியதில் அல்ல, எண்களில் ஒரு பாதியை மட்டும் பார்த்ததில்தான் என்பது என் கருத்து. ஸ்னெல் மூன்றாம் சுற்றில் தடுமாறலாம் என்பது ஓர் எண். ஆண்டர்சன் அதற்கு முந்தைய 6 ஆட்டங்களிலும் தம் கணக்கில் ஓட்டம் கொடுத்திருந்தார் என்பதும் எண்தான். பருவம் முழுவதும் அருமையாக வீசியவர், அக்டோபர் முடிவில் பழைய ஆண்டர்சனாக இல்லை. “ஸ்னெல் தொடரலாமா?” என்பது மட்டும் கேள்வி அல்ல. “இப்போதைய ஸ்னெல்லைவிட இப்போதைய ஆண்டர்சன் மேலா?” என்பதே கேள்வி.

எதிரணியைப் பாருங்கள். டாட்ஜர்ஸ் பயிற்றுநர் டேவ் ராபர்ட்ஸ் தம் முதல் வீச்சாளரை இரண்டாவது இன்னிங்ஸிலேயே மாற்றினார். அன்று மொத்தம் ஏழு பேரைப் பயன்படுத்தினார். ஆனால் ஏழாவதாக வந்த ஹூலியோ யூரியாஸ் பிரமாதமாக வீசுவதைக் கண்டதும், வழக்கமாக ஆட்டத்தை முடித்துவைக்கும் கென்லி ஜான்சனை அழைக்கவில்லை. கடைசி ஏழு பேரையும் யூரியாஸே வீழ்த்தினார். ராபர்ட்ஸிடமும் திட்டம் இருந்தது. அதோடு, திடலில் நடப்பதைப் பார்த்து அதைத் திருத்தவும் அவர் தயாராக இருந்தார்.

நண்பர்களே, இது நமக்கும் பொருந்தும். தேர்வுக்கு அட்டவணை போடுகிறோம், நல்லதுதான். ஆனால் கணிதத்தில் கைவேகம் கூடிவரும் நாளில், “இன்று வரலாறு” என்று தாளில் எழுதியிருப்பதால் மட்டும் புத்தகத்தை மூட வேண்டுமா? அதேபோல், ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் படித்த முறையே தவறு என்று உடனே தூக்கி எறியவும் வேண்டாம். முடிவு எடுத்த நேரத்தில் என்னென்ன தெரிந்திருந்தது, அதில் எதைப் பார்க்கத் தவறினோம் என்று கேட்டுப் பாருங்கள்.

கேஷ் அந்த ஆண்டே அமெரிக்கன் லீக்கின் சிறந்த பயிற்றுநர் விருதைப் பெற்றார். அதற்கு அவர் தகுதியானவர் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஆட்டத்தின் பதிவை மறுபடி பார்க்கும்போதெல்லாம், அவர் திடலுக்குள் கால் வைக்கும் இடத்தில் என் வாய் தானாகவே, “வேண்டாம், இன்னும் ஒருவருக்கு மட்டும் வீசட்டும்” என்று முணுமுணுக்கிறது.