காவல் நாயா, சிறுத்தைக்கு அழைப்பா? கம்பம் பள்ளத்தாக்கு பேச வேண்டிய விஷயம்

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குள் புகுந்து செல்ல நாயைத் துரத்தும் கயோட்டி வீடியோக்களை ரீல்ஸில் பலரும் பார்த்திருப்பார்கள். 'நம்ம ஊர்ல இதெல்லாம் இல்லப்பா' என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. ஆனால், கம்பம் பள்ளத்தாக்கில் கயோட்டி என்ற அந்த ஓநாய் இன விலங்குதான் இல்லை. பிரச்சினை அப்படியே இருக்கிறது. இங்கே வருவது சிறுத்தை, செந்நாய், நரி. பண்ணைக்குப் பதில் ஆட்டுக்கிடை. இரண்டு இடத்திலும் நடுவில் மாட்டிக்கொள்வது நாய்தான்.

தேனியில் ஏன் இது முக்கியம்?

பள்ளத்தாக்கின் ஒருபுறம் மேகமலை, மறுபுறம் கேரள எல்லையின் ஏலக்காய் மலைகள். நடுவே முல்லைப் பெரியாறு பாயும் வயல்கள், திராட்சை, தென்னை, வாழைத் தோட்டங்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே பல இடங்களில் ஒரு வரப்புதான் எல்லை. அறுவடை முடிந்த நிலத்தில் எருவுக்காகக் கிடை போடுவார்கள். கிடைக்குக் காவல், நாய்.

2022 செப்டம்பரில் பெரியகுளம் அருகே கைலாசபட்டி பகுதியில், ஒரு தோட்டத்தின் சோலார் வேலியருகே சிறுத்தை இறந்து கிடந்தது. முதலில் கைதானவர், அங்கே கிடை போட்டிருந்த ஆட்டு விவசாயி. தோட்டம் அப்போதைய தேனி எம்.பி. தொடர்புடையது என்பதால் அரசியல் சூடு பிடித்தது. அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி காணாமல் போனது: ராத்திரி முழுக்க ஆட்டைக் காப்பாற்ற வேண்டியவருக்கு நாம் காட்டியிருக்கும் சட்டபூர்வமான வழி என்ன?

நாய் இருந்தால் சிறுத்தை வராதா?

'நாய் குலைச்சா எதுவும் கிட்ட வராது' என்பது ஊர் நம்பிக்கை. நரிக்கு அது பொருந்தலாம். சிறுத்தைக்கு நாயே சாப்பாடு. மகாராஷ்டிராவின் அகோலே பகுதி விவசாய நிலங்களில் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தை எச்சங்களை ஆராய்ந்தார்கள். உணவின் எடையில் 39 சதவீதம் நாய்! வீட்டு விலங்குகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 87 சதவீதம். அந்த விவசாய நிலங்களில் மலைக்காடு இல்லை, கரும்பும் ஊரும்தான். ஆனாலும் பாடம் இங்கேயும் பொருந்தும். தெருமுனையில் கோழிக்கழிவைக் கொட்டினால் நாய் கூடும். நாய் கூடினால் சிறுத்தைக்கு ஊருக்குள் வர ஒரு காரணம் கிடைக்கும்.

நாயால் காட்டுக்கும் ஆபத்து உண்டா?

உண்டு. அவிழ்த்துவிட்ட நாய்கள் கூட்டமாகக் காட்டுக்குள் போய் மானைத் துரத்துகின்றன. நோயையும் கொண்டுபோகின்றன. 1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் 'கனைன் டிஸ்டெம்பர்' வைரஸால் இறந்தன. சுற்றுக் கிராமங்களின் நாய்களிடமிருந்து அது பரவியதாக ஆய்வாளர்கள் கருதினார்கள். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டிலும் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அங்கும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது.

மேகமலைக்கு இதில் கூடுதல் கவலை, செந்நாய். உலகிலேயே இனப்பெருக்க வயதில் ஏறத்தாழ 950 முதல் 2,200 வரைதான் மிச்சம் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. நாயின் சொந்தக்கார இனம் என்பதால் நாயின் நோய்கள் எளிதில் தொற்றும்.

சுட்டுத் தள்ளினால் தீருமா?

அமெரிக்கா அதைத்தான் செய்து பார்த்தது. அரசே ஆண்டுதோறும் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொல்கிறது. ஆனாலும் அவை சிகாகோ போன்ற பெருநகரங்கள் வரை பரவிவிட்டன. இங்கே ஆங்கிலேயர் காலத்தில் செந்நாய்த் தலைக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்த இனம் அருகிப்போனதுதான் மிச்சம். விஷம் வைத்தால் முதலில் சாவது பெரும்பாலும் சொந்த நாய். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சினால் யானையும் சாகும், மனிதனும் சாவான்.

அப்போ என்னதான் வழி?

வழி ரொம்ப சாதாரணமானது. ராத்திரி ஆட்டை உயரமான, மேலேயும் கம்பிவலை போட்ட பட்டியில் அடைக்க வேண்டும். நாயைத் தனியாக வெளியில் கட்டிப்போடாமல் உள்ளே சேர்க்க வேண்டும். நாய்க்கு வெறிநோய் ஊசியோடு டிஸ்டெம்பர், பார்வோ ஊசியும் போட வேண்டும். கழிவைத் திறந்த வெளியில் கொட்டக் கூடாது.

ஆனால், இதை எல்லாம் 'மக்கள் விழிப்புணர்வு' என்று சொல்லி விவசாயி தலையில் கட்டுவது நியாயமில்லை. நாலு ஆட்டை வைத்துக் குடும்பம் நடத்துபவர் கம்பிவலைக்கும் தடுப்பூசிக்கும் எங்கே போவார்? காப்பகத்தை அறிவித்தது அரசு. அதன் செலவையும் அரசுதான் ஏற்க வேண்டும். நடமாடும் பட்டி, மலையடிவார ஊர்களில் இலவச நாய்த் தடுப்பூசி முகாம், ஆடு இறந்தால் அலையவிடாமல் சீக்கிரம் இழப்பீடு. இந்த மூன்றும் வனத்துறையின் பட்ஜெட்டில் வர வேண்டியவை. கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடிப்பதைவிட இது மலிவு.

சிறுத்தை செத்த பிறகு யாரைக் கைது செய்வது என்று தேடும் அரசு, ஆடு செத்த மறுநாளே அந்தக் கிடைக்குப் போயிருந்தால் பல வேலிகளுக்குத் தேவையே இருந்திருக்காது.