மருதமுனைத் துணிக்கு ஒரு பெயர் வேண்டும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே சென்றால், பாண்டிருப்பைக் கடந்ததும் மருதமுனை. நான் இளம் நிருபராக அங்கு சென்ற நாட்களில் ஊர் வந்துவிட்டதை அறியப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை. வளவுகளுக்குள்ளிருந்து எழும் தறிச் சத்தமே போதும். இன்று நின்று காதுகொடுத்தால்தான் கேட்கிறது.

நெசவோடு தமிழும் வளர்ந்த ஊர் இது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனும் சிறுகதையாளர் மருதூர்க்கொத்தனும் இம்மண்ணின் மைந்தர்கள். 1970களின் முற்பகுதியில் துணி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது கைத்தறிக்கு நல்ல கிராக்கி. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவான ஆலைத்துணிகள் சந்தையில் குவிந்தன. பிறகு யுத்தம். 2004 டிசம்பர் 26இல் கடலே எழுந்து வந்தது. நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையில் உயிர்களோடு வீடுகளும் தறிகளும் போயின. 2022இல் ரூபாவின் மதிப்புச் சரிந்தபோது நூலும் சாயமும் எட்டாத விலைக்கு ஏறின.

இத்தனைக்கும் பின்னர் அங்கு தறி ஓடுவதே வியப்பு. பிள்ளைகள் ஆசிரியத் தொழிலையும் அரபுநாட்டு வேலையையும் நாடுவதை நான் குறைகூற மாட்டேன். நெய்பவனுக்குக் கூலி போதாத தொழிலைப் பாரம்பரியம் என்று சொல்லி அவன் தலையில் கட்டுவது நியாயமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்புக் கடையொன்றில் கைத்தறிச் சாறன் ஒன்றை வாங்கினேன். உறையில் கடையின் பெயர் மட்டுமே இருந்தது. எங்கே நெய்தது என்று கேட்டேன். பற்றுப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பணியாளர், "மருதமுனைச் சாமான்தான் ஐயா" என்றார். நெய்த ஊருக்கு அந்த உறையில் ஒரு சொல்லளவு இடமும் இல்லை.

காஞ்சிபுரம் பட்டுக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு உண்டு. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அங்கீகாரத்தை வழங்கியது. மருதமுனைத் துணிக்கும் அதைக் கோரவேண்டும் என்பது என் கருத்து. 'பெயர் சோறு போடுமா?' என்று நெசவாளர் கேட்கலாம். பெயர் மட்டும் போடாது. நெசவாளர் ஒன்றுகூடித் தரத்தை வரையறுக்க வேண்டும். அரசு நியாய விலையில் நூல் வழங்க வேண்டும். ஆனால் பெயரில்லாத பொருளுக்கு விலை சொல்பவன் எப்போதும் இடைத்தரகனே.

அடுத்த முறை கைத்தறிச் சாறன் வாங்கும்போது, எந்த ஊரில் நெய்தது என்று நீங்களும் கேளுங்கள். பலர் கேட்டால் கடைக்காரர் எழுதி வைப்பார்.